மூன்றாவது கொட்டேஷன்

ஜாவித் கல்லூரி முதல்வருக்கு எழுதிய கடிதத்தில் மொத்தம் ஆறு வரி. அதில் ஐந்து வரிக்கு யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ‘மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு’ என்பது சரி. ‘தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்’ என்பது ரொம்பச் சரி. நாலாவது வரிதான் வம்பாகிவிட்டது. ‘நம் லேபுக்கு செலரான் 300 அல்லது கே6-2 300 பிராசசர் போட்ட புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும், இரண்டுமே மலிவானவை, இரண்டில் எதுவானாலும் போதும்’ என்று எழுதித் தொலைத்திருந்தான்.

லேப் பொறுப்பாளர் மதிவதனி மேடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியில் பேனாவை நிறுத்தினார்.

“ஏன் ஜாவித், ஏதாச்சும் ஒண்ணோட பேரை மட்டும் எழுதியிருக்கக் கூடாதா?”

“நம்ம வேலைக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க மேடம். எது சல்லிசாக் கெடைக்குதோ அதை வாங்கட்டும்னு...”

“ஆபீஸ்காரங்க கையில நீ ஒரு வேலையைக் குடுத்துப்போட்டே. இனி உன் வேலை நடக்காது” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று 1999 ஜனவரி 25, திங்கட்கிழமை.

பூவாத்தாள் நினைவுப் பொறியியல் கல்லூரி தொண்டாமுத்தூர் சாலையில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நாலு மாடியாக நின்றது. கல்லூரிக்கு முந்திப் பிறந்தது பூவாத்தாள் கிரைண்டர். கணபதி என்ற பகுதியில் உள்ள பட்டறையில் கிரைண்டர் செய்து பணம் பார்த்த ஆறுச்சாமி, அதே பணத்தில் இஞ்சினியர்களையும் செய்யத் தொடங்கி, தாளாளர் ஆனார். இரண்டுக்கும் அவருடைய அம்மாவின் பெயர். இரண்டுக்கும் ஒரே முத்திரை. கிரைண்டருக்கு மட்டும் ஐந்து வருட கேரண்டி உண்டு.

ஜாவித் அங்கே கடைசி வருட மாணவன். அவனுடைய புராஜெக்ட், வால்பாறை மலைப்பாதைக்கு ஒரு பஸ் கால அட்டவணை. பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகிற பஸ்ஸும் கீழே வருகிற பஸ்ஸும் எந்த வளைவிலும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொள்ளாதபடி நேரம் குறிக்க வேண்டும். புரோகிராமை எழுதி முடித்துவிட்டான். அதை ஓட்டத்தான் வழியில்லை. லேபில் பதினொரு கம்ப்யூட்டர்கள், அதில் நாலுக்கு உயிர் இருந்தது, நாலும் பழைய 386. அதில் ஓட்டினால் நாலு பகல் நாலு இரவு விடாமல் ஓட வேண்டும். லேபோ மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும்; பூட்டும்போது மெயினை அணைப்பது நிர்வாகத்தின் சிக்கனக் கொள்கை. வெளியில் எங்காவது ஓட்டி எடுத்துக்கொண்டு வந்தால் கல்லூரி லேப் முத்திரை கிடைக்காது. முத்திரை இல்லாத பிரிண்ட் அவுட்டைத் தேர்வாளர் கையால்கூடத் தொடமாட்டார். ஏப்ரல் 7-ஆம் தேதி புராஜெக்ட் வாய்மொழித் தேர்வு. அன்றைக்குப் பிரிண்ட் அவுட் இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு. அதோடு, பாஸ் செய்தால் வந்து சேர் என்று பெங்களூர்க் கம்பெனி ஒன்று கொடுத்திருந்த வேலையும் போச்சு. அவன் அம்மா ஆமினா பீவி அந்த ஊர்க் குளிருக்கு ஒரு ஸ்வெட்டரே எடுத்து வைத்துவிட்டார்.

நாலாவது நாள் கொள்முதல் அலுவலர் சீனிவாசலு கூப்பிட்டு அனுப்பினார்.

சீனிவாசலு ஒரு நூல் மில்லின் ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மில்லுக்கு ஒரு டப்பா எண்ணெய் வாங்க அவர் தொடங்கிய விலை ஒப்பீடு, மில் மூடிய பிறகும் இரண்டு வருடம் நடந்ததாகச் சொல்வார்கள். மேசையில் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கட்டு அரக்கு, ஒரு பித்தளை முத்திரை. கடிதம் அவர் முன்னால் கிடந்தது. நாலாவது வரியின் கீழே சிவப்புக் கோடு.

“தம்பி, ‘எதுவானாலும் போதும்’னு எழுதியிருக்கிறீங்க. எதுவானாலும்னு ஒரு பொருள் மார்க்கெட்ல கெடையாது. ரெண்டு பேரைச் சொன்ன அப்புறம் ஒப்பிடாம இருந்தா ஆடிட்ல எனக்குத் தூக்கம் போயிரும். அதனால ஒப்பீட்டுக் குழு போட்டாச்சு. கடிதம் எழுதுனவரு மாணவர் பிரதிநிதி. அது நீங்கதான். வாழ்த்துக்கள்.”

“சார், நான் ஒப்பிட்டே சொல்லிடறேனுங்க...”

“நீங்க சொன்னா அது கருத்து. குழு சொன்னா அது முடிவு. போயி கடையில விலை எழுதிக் கொட்டேஷன் வாங்கிட்டு வாங்க. மூணு கொட்டேஷன்.”

“பிராசசர் ரெண்டுதானுங்க சார்.”

“விதி மூணு” என்றார் சீனிவாசலு. கருணையோடுதான் சொன்னார்.

காந்திபுரத்தில் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்த பஷீர் பாய், ஐந்து நிமிடத்தில், ஒரு டீ ஆறுவதற்குள், ஒப்பீட்டை முடித்துக் கொடுத்தார்.

“இங்க பாரு ஜாவித். ரெண்டும் முந்நூறு மெகாஹெர்ட்ஸ்தான். புள்ளி வச்ச கணக்கு, படம் வரையிறது, பொம்மை விளையாட்டு, இதுக்கெல்லாம் செலரான் கொஞ்சம் கெட்டி. கே6-2 காசு கம்மி, பழைய மாடல் மதர்போர்டுல சிலதுல அப்படியே உக்காந்துக்கும். டைப் அடிக்க, பஸ் டைம் போட ரெண்டும் ஒண்ணுதான். காசு இருந்தா அது, இல்லாட்டி இது. முடிஞ்சுது. இதுக்கு எதுக்குடா குழு?”

“மூணாவது ஒண்ணு வேணுமாம் பாய்.”

“மூணாவது கம்பெனி ஒண்ணு இருக்குது. மெட்ராஸ்ல இருந்து வரோணும், ஒரு மாசம் ஆகும்.”

வராத பொருளை ஒப்பிட முடியாது என்று சீனிவாசலு அதை நிராகரித்தார். அதே பிராசசரை வேறு கடையில் விலை கேட்டு மூன்றாவதாக வைக்கலாமே என்றதற்கு, பொருள்தான் மூன்றாக இருக்க வேண்டும், கடை அல்ல என்றார். இப்படி மூன்றாவது கொட்டேஷனைத் தேடுவதிலேயே பிப்ரவரி மாதம் முழுக்கக் கரைந்தது. கடைசியில் கல்லூரியின் மானத்தைக் காப்பாற்ற முன்வந்தவர் தாளாளர்தான்.

“அட, ஒரு கொட்டேஷனுக்கா இந்தப் பாடு? நம்ம கிரைண்டர் ஒண்ணை எழுதிக்குங்க சீனிவாசலு. பேருக்குத்தானுங்க. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகுது.”

மார்ச் முதல் வாரம் குழு கூடியது. தாளாளர் ஆறுச்சாமி தலைவர். அவர் வலது பக்கம் முதல்வர். நாற்பது வருடம் கட்டடங்களையே பார்த்துப் பழகிய சிவில் பேராசிரியர் அவர். இடது பக்கம் சீனிவாசலு. எதிரில் மதிவதனி மேடம். கடைசியில் ஜாவித். மேசையில் இரண்டு பிராசசர்கள் குட்டிப் பஞ்சு மெத்தையில் கிடந்தன. நடுவில் இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், பொட்டு வைத்துப் பூப்போட்டு.

தொடங்குவதற்கு முன் சீனிவாசலு எழுந்தார். “ஐயா, ஒரு சின்ன விசயங்க. மூணாவது பொருள் ஐயா கம்பெனியோடது. சம்பந்தப்பட்டவங்க குழுவுல முகம் காட்டக் கூடாதுன்னு விதி.”

“அதுக்கென்னங்க, காட்டாமப் போனாப் போச்சு” என்ற ஆறுச்சாமி, நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அன்று முதல் கடைசிக் கூட்டம் வரைக்கும் அவர் சுவரைப் பார்த்தபடியேதான் தலைமை தாங்கினார். பாரபட்சமின்மைக்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது.

“நானு பத்தாவதுகூடத் தாண்டலீங்க” என்று அவர் சுவரிடம் ஆரம்பித்தார். “ஆனா நாலு மாடி கட்டியிருக்கறேன். படிச்சிருந்தேன்னா கணக்குப் போட்டுப் பாத்து ரெண்டு மாடியோட நிறுத்தியிருப்பேன். பொருள்னா எனக்குத் தெரியும். கையில எடுத்தாக் கனம் தெரியோணும். தொட்டாச் சுடக் கூடாது. அந்தச் சில்லு ரெண்டையும் எடை போட்டீங்களா?”

கெமிஸ்ட்ரி லேபிலிருந்து தராசு வந்தது. சில்லு ஒவ்வொன்றும் நாற்பது கிராமுக்குச் சற்று முன்பின். விலை ஒவ்வொன்றும் ஐயாயிரத்தைச் சுற்றி. சீனிவாசலு கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, இரண்டாம் முறை தட்டி, மூன்றாம் முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தட்டினார்.

“கிலோ ஒண்ணேகால் லட்சம் வருதுங்க ஐயா.”

“ஏலக்காய் தோத்துதுங்க” என்று சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. “கிரைண்டரு?”

“கிலோ இருநூத்தி முப்பது ரூபா. கல்லோட சேத்து.”

“நானு ஒண்ணும் சொல்லலீங்க. எழுதிக்குங்க.”

முதல்வர் சில்லைத் திருப்பிப் போட்டு அடியில் வரிசையாக நின்ற ஊசிக் கால்களைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “அட, இத்தனை பைல் ஃபவுண்டேஷனா!” என்றார், கட்டடத்துக்காக மண்ணில் இறக்கிய தூண்களைப் பார்த்ததுபோல். ஒவ்வொரு காலையும் ஊசியால் தொட்டு எண்ணும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. மாணவர்கள் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். செலரானுக்கு முந்நூற்று எழுபது கால், கே6-2-வுக்கு முந்நூற்று இருபத்தொன்று என்று அடுத்த கூட்டத்தில் அறிக்கை வைத்தார்.

“இத்தன காலு எதுக்குங்க?” என்றார் ஆறுச்சாமி. “நிக்கறதுக்கா, ஓடறதுக்கா?”

“சுமை பிரிஞ்சு இறங்கறதுக்குங்க ஐயா. ஆனா நாற்பது கிராமுக்கு இது அதிகப்படி. டிசைன்ல சிக்கனம் இல்லை.”

“நம்முளுது?”

“நாலு காலுங்க ஐயா. நாலும் ரப்பர் புஷ்.”

‘குறைந்த காலில் நிறைந்த நிலை’ என்று சீனிவாசலு எழுதிக்கொண்டார். எழுதியது அவருக்கே பிடித்துப்போய் இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தார்.

ஜாவித் தொண்டையைச் செருமினான். “சார், வேகம்னு ஒண்ணு இருக்குதுங்க. செகண்டுக்கு முப்பது கோடித் துடிப்புங்க சார் அது.”

“தம்பி,” என்று சீனிவாசலு பேனாவை மூடினார், “நாம வாங்கறது கல்லூரிக்கு. இங்க யாருக்குங்க அவ்வளவு அவசரம்?”

மதிவதனி மேடம் ஜாவித்தின் காலைச் செருப்பு நுனியால் தட்டினார். “சும்மா இரு. அவங்க இப்பத்தான் சூடு பிடிச்சிருக்காங்க. குறுக்க பேசுனா முதல்ல இருந்து எடை போடுவாங்க.”

மார்ச் மூன்றாவது வாரத்தில் ஜாவித்துக்கு ஒரு யோசனை உதித்தது. நேரில் ஓட்டிப் பார்க்காமல் ஒப்பீடு எப்படி நிறைவு பெறும் என்று குழுவில் கேட்டான். பஷீர் பாயிடம் சொல்லி இரண்டு பிராசசரையும் இரண்டு கம்ப்யூட்டரில் பொருத்தி மாதிரிக்குக் கொண்டுவரச் சொல்லலாம். இரண்டிலும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம். வேலை வேண்டுமானால் தன்னிடமே ஒன்று இருக்கிறது, நாற்பது வளைவு, பஸ்கள்... என்று ஒன்றும் அறியாதவன் போல முடித்தான். லேபில் ஓடினால் லேப் முத்திரை. முத்திரை விழுந்தால் பெங்களூர்.

குழுவுக்கு இது பிடித்துவிட்டது. ஆறுச்சாமி சுவரைத் தட்டி ஆமோதித்தார். “கிரைண்டரையும் ஓட்டிக் காட்டித்தானுங்க விப்போம். ஆனா ஒண்ணு கண்ணு. மூணுக்கும் ஒரே மாதிரி வேல குடுக்கோணும். ஏழைப்பட்ட பொருள்னு நம்ம கிரைண்டரை ஒதுக்கப்படாது.”

கள ஆய்வு ஏப்ரல் ஒன்றாம் தேதி நடந்தது. அந்தத் தேதிக்கு ஒரு விசேஷம் உண்டு என்பது குழுவில் யாருக்கும் தோன்றவில்லை.

பஷீர் பாய் இரண்டு கம்ப்யூட்டர்களை ஆட்டோவில் கொண்டுவந்து லேபில் இறக்கினார். பெயர் தெரிந்தால் பாரபட்சம் வரும் என்று சீனிவாசலு இரண்டையும் காக்கிக் காகிதத்தால் சுற்றி, அ, ஆ என்று எழுதி ஒட்டினார். கிரைண்டரையும் அதே காகிதத்தால் சுற்றி இ என்று ஒட்டினார். மூன்றில் எது கிரைண்டர் என்று குழுவுக்குத் தெரியக் கூடாது என்பதில் அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார். எது அ, எது ஆ என்ற குறிப்பை ஒரு சீட்டில் எழுதி, சீட்டை உறையில் போட்டு, உறையை அரக்கு வைத்து மூடி, பத்திரமான ஓர் இடத்தில் வைத்தார். அந்த இடம் எது என்பது இன்றுவரை அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

“பாய், எது என்னதுன்னு உங்களுக்காச்சும் தெரியுமா?” என்று ஜாவித் மெதுவாகக் கேட்டான்.

“தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்னு பத்திரத்துல கையெழுத்து வாங்கிப்போட்டாங்கடா. என் சம்சாரம் சித்திகாகிட்டகூடச் சொல்லக் கூடாதாம். அவ கேக்கவே இல்ல, அது வேற விசயம்.”

காலை பத்துக்கு இரண்டிலும் புரோகிராம் ஓடத் தொடங்கியது. ஒன்று தொண்ணூற்றொரு நிமிடத்தில் முடித்தது, மற்றது தொண்ணூற்று நாலு. இரண்டும் ஒரே விடை. நாற்பது வளைவு, இருபத்து மூன்று பக்கம், ஒரு பஸ்கூட இன்னொரு பஸ்ஸை உரசவில்லை. பிரிண்டர் கரகரவென்று காகிதத்தைத் தள்ளத் தள்ள, ஜாவித்துக்கு அது நாதசுரம் மாதிரி கேட்டது.

“அடுத்து இ” என்றார் சீனிவாசலு.

கிரைண்டரிடம் கால அட்டவணையை எப்படிக் கொடுப்பது என்று சிறிது நேரம் குழப்பம். முதல்வர்தான் தீர்த்து வைத்தார். வளைவு நாற்பது, ஆகவே கிரைண்டர் நாற்பது சுற்றுச் சுற்றினால் அது மலைப்பாதை முழுவதற்கும் சமானம். சுவிட்சைப் போட்டார்கள். முதல்வர் கையில் ஸ்டாப் வாட்சோடு எண்ணினார். பதினெட்டு வினாடியில் நாற்பது முடிந்தது.

“மோதல் ஏதாச்சும்?” என்று சுவர்ப் பக்கமிருந்து கேள்வி.

“இல்லைங்க ஐயா. உள்ளே பஸ்ஸே இல்லை.”

“அதானுங்க பாதுகாப்பு.”

பிறகு சமநீதிக்காக அ-வுக்கும் ஆ-வுக்கும் கிரைண்டரின் வேலை கொடுக்கப்பட்டது. அரைப்படி ஊறவைத்த உளுந்து இரண்டு கம்ப்யூட்டர்களின் முன்னும் ஒரு மணி நேரம் வைக்கப்பட்டது. பஷீர் பாய் உளுந்துக்கும் கீபோர்டுக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்து, கோல் கீப்பர் மாதிரி நின்றார். ‘முயற்சிகூடச் செய்யவில்லை’ என்று இரண்டின் பெயரிலும் பதிவாயிற்று. கிரைண்டர் ஆட்டிய மாவில் மறுநாள் புனித வெள்ளி விடுமுறையிலும் கேண்டீனில் வடை போட்டார்கள். குழுவினர் மட்டும் வந்து தின்றுவிட்டுப் போனார்கள்.

ஆனால் முதல் நாள் மாலையே ஜாவித்தின் தலையில் இடி விழுந்திருந்தது. பிரிண்ட் அவுட்டைச் சுருட்டிக்கொண்டு அவன் கிளம்பியபோது சீனிவாசலு கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இரண்டு கட்டையும் ஒரு துணி உறையில் போட்டார். மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கினார். ஐந்து இடத்தில் முத்திரை குத்தினார். இரண்டு கம்ப்யூட்டர்களும் ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் பூட்டு விழுந்து, பூட்டுக்கும் அரக்கு வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை அவர் வாசலிலேயே ஜாவித் காத்திருந்தான்.

“சார், புதன்கிழமை எனக்கு வைவா எக்ஸாமுங்க. அந்தப் பேப்பர் என்னோட புராஜெக்டுங்க சார்.”

“இருந்துது தம்பி. இப்ப அது டெண்டர் ஆவணம். முடிவு வர்ற வரைக்கும் என்னைப் பெத்தவங்க வந்து கேட்டாலும் பிரிக்க மாட்டேன்.”

“முடிவு எப்பங்க சார்?”

“ஜூன்ல ஒருக்கா உக்காருவோம். அவசரப்பட்டு முடிவெடுத்தா அது தப்பா இருக்கலாம். நிதானமா எடுத்தோம்னு வைங்க, அதுக்குள்ள அந்தப் பொருளே மார்க்கெட்ல இருக்காது. வாங்கற செலவு மிச்சம். மில்லுல நான் மிச்சம் பிடிச்ச மாதிரி வேற யாரும் பிடிக்கலை.”

“மில்லு மூடிப்போச்சே சார்.”

“ஆமா. ஆனா மூடற அன்னைக்கு ஸ்டோர்ஸ்ல ஒரு குறை சொல்ல முடியலை” என்றார் அவர் பெருமையாக.

ஜாவித் லேபுக்கு வந்து, செத்துக் கிடந்த ஏழு கம்ப்யூட்டர்களில் ஒன்றின் மேல் தலையைச் சாய்த்தான். மதிவதனி மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார்.

“பேப்பரைப் பிரிக்க முடிவு வரணும். அவ்வளவுதானே?”

“ஆமாங்க மேடம்.”

“அவங்களுக்கு முடிவு என்னன்னு எப்பவோ தெரியும். வாயைத் திறந்து சொல்ல வெக்கம். படிச்ச பையன் ஒருத்தன் சொன்னா நல்லா இருக்கும்னு காத்துக்கிட்டு இருக்காங்க.”

ஜாவித் தலையைத் தூக்கினான். “மேடம்! லேபுக்குக் கிரைண்டரா? ஜூனியர் பசங்க என்னைக் கல்லால அடிப்பாங்க.”

“கிரைண்டர் கல்லு கனம். தூக்க மாட்டாங்க” என்று சொல்லி அடுத்த விடைத்தாளை எடுத்தார்.

அன்று இரவு முழுக்க மனசாட்சியும் பெங்களூரும் அவனுக்குள் இரண்டு பஸ் மாதிரி எதிரெதிரே வந்தன. வளைவு குறுகல். ஏதாவது ஒன்று பின்னால் போக வேண்டியிருந்தது.

மாணவர் பிரதிநிதி அவசரக் கூட்டம் கோரலாம் என்று ஒரு விதி இருந்தது. யாரும் அதுவரை தொட்டதில்லை என்பதால் புத்தம் புதிதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் குழு கூடியது. ஜாவித் எழுந்து நின்றான். முகத்தில் சிரிப்பு வராமல் இருக்க உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டான்.

“ஐயா, நான்தான் கடிதம் எழுதினவன். இளமை வேகத்துல எழுதிப்போட்டேனுங்க. குழு எனக்குக் கண்ணைத் திறந்து விட்டுது. எடையில மூணாவது பொருள் முதலிடம். கிலோ விலையில முதலிடம். கால் விசயத்துல முதல்வர் சாரே சொல்லிட்டாங்க. மலைப்பாதையை மத்தது ரெண்டும் ஒண்ணரை மணி நேரம் சுத்துச்சு, இது பதினெட்டே வினாடி. வைரஸ் ஏறாதுங்க. ரெண்டாயிரம் வருசம் பொறந்தா உலகத்துல உள்ள கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாம முழிக்கும்னு பேப்பர்ல எழுதறாங்க. இதுக்கு இன்னைக்கே தேதி தெரியாது, அதனால பயமே இல்லை. ரிப்பேருன்னா வெளிநாட்டுக்கு எழுத வேண்டாம், கணபதிக்கு டவுன் பஸ் இருக்குது. அதுவும் போக...” இங்கே அவன் குரலைத் தாழ்த்தினான், “மத்த ரெண்டையும் வாங்குனா பசங்க ராத்திரி பகலா லேப்லயே கெடப்பாங்க. மெயினை அணைக்க முடியாது. கரண்ட் பில்லு ஏறிப்போயிருங்க.”

சுவர்ப் பக்கம் ஆறுச்சாமியின் தோள்கள் குலுங்கின. துண்டை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொள்வது முதுகிலிருந்தே தெரிந்தது.

“கண்ணு,” என்றார் தழுதழுத்து, “பேருக்குத்தான் அதை வெச்சேன். சாமி சத்தியமா. இவ்வளவு திறமை அதுக்குள்ள இருக்குதுன்னு அதைச் செஞ்ச எனக்கே தெரியல. நானு சம்பந்தப்பட்டவன், ஒண்ணும் சொல்லக் கூடாது. ஒண்ணு வாங்காதீங்க. ஆறா வாங்கிப்போடுங்க. பசங்க வரிசையில நின்னு தவிக்கக் கூடாது.”

தீர்மானம் நிறைவேறியது. முதல்வர் கையெழுத்துப் போட்டார். சீனிவாசலு போட்டார். மதிவதனி மேடம் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘பார்த்தேன்’ என்று மட்டும் எழுதினார். ஜாவித் தன் பெயரை எழுதும்போது எழுத்து சற்றுக் கோணிற்று. பிறகு சீனிவாசலு துணி உறையின் ஐந்து அரக்கையும் ஒவ்வொன்றாக, உயிருள்ளதைத் தொடுவதுபோல் உடைத்து, ஒரு கட்டின் இருபத்து மூன்று பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் பக்கத்துக்குப் பக்கம் ‘ஒப்பீட்டில் தோல்வி’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தார். அதன்மேல் மதிவதனி மேடம் லேப் முத்திரையைக் குத்தினார்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். புராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்தில் ‘பயன்படுத்திய கருவி’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் லேப் இருப்புப் பதிவேட்டில் உள்ளதைத்தான் எழுத வேண்டும். பஷீர் பாயின் கம்ப்யூட்டர்கள் வெறும் மாதிரிகள். தீர்மானம் நிறைவேறிய அன்று மாலையே ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வந்து ஆட்டோவில் திரும்பிவிட்டன. பதிவேட்டில் புதிதாக ஏறியிருந்தது ஒன்றே ஒன்று. 386 என்று எழுதலாமே என்றால், அதில் நாலு நாள் ஓடியிருக்க முடியாது என்று கரண்ட் பில்லே சாட்சி சொல்லும்.

மறுநாள் காலை வாய்மொழித் தேர்வு. வெளித் தேர்வாளர் ஈரோட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர். கண்டிப்பானவர், முந்தின வருடம் பதினொரு பேரை மடக்கிவிட்டுப் போனவர் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். ஜாவித்தின் முறை வந்தது. அவர் பிரிண்ட் அவுட்டைப் புரட்டினார். ஒன்பதாவது வளைவில் ஒரு கேள்வி, இருபத்தாறாவதில் ஒரு கேள்வி. ஜாவித் சொன்னான். தலையாட்டினார். பிறகு முதல் பக்கத்துக்கு வந்தார்.

‘பயன்படுத்திய கருவி: பூவாத்தாள் டேபிள் டாப், இரண்டு லிட்டர்.’

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

“தம்பி, இது குழு எடுத்த முடிவா?”

“ஆமாங்க சார். ஒப்பீட்டுக் குழுங்க.”

“மொத்தம் எத்தனை நாளாச்சு?”

“லெட்டர் குடுத்ததுல இருந்து எழுபத்தொரு நாளுங்க சார்.”

தேர்வாளரின் கண்டிப்பான முகத்தில் பொறாமை மாதிரி ஒன்று பரவியது.

“எழுபத்தொண்ணா! எங்க காலேஜ்ல மூணு வருசமா உக்காந்துக்கிட்டிருக்கோம். நான்தான் தலைவர்” என்றார். மதிப்பெண் தாளை இழுத்து, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவன் பக்கம் தள்ளினார். ஜாவித் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தான்.

அவன் கதவு வரை போனபோது தேர்வாளர் கூப்பிட்டார். குரல் ரகசியமாக இறங்கியிருந்தது.

“ஏன் தம்பி, உங்க தாளாளர்கிட்டச் சொல்லி அந்தக் கிரைண்டருக்கு ஒரு கொட்டேஷன் வாங்கித் தர முடியுங்களா? எங்களுக்கு ரெண்டுதான் இருக்குது. மூணாவது இல்லாம நிக்குது.”

“வாங்கித் தர்றேனுங்க சார். ஆனா ஒண்ணுங்க. பேருக்குன்னு சேத்துனாலும் அது ஜெயிச்சுப்போடுமுங்க.”

“ஜெயிக்கட்டும் தம்பி. முடிஞ்சாப் போதும்.”

“என்ன வாங்கறதுக்குங்க சார்?”

“ஆம்புலன்ஸ்” என்று சொல்லிவிட்டு, தேர்வாளர் அடுத்த மாணவனின் பெயரைக் கூப்பிட்டார்.